ஏழாவது செமஸ்டரில் விசா நீட்டிப்பு: ஜெர்மனியில் ஒரு முதுநிலை மாணவரின் நிகழ்வு ஆய்வு

ஜெர்மனியில் படிக்கும் நம் மாணவர்களுக்கு விசா வேலைகளில் கைகொடுக்கும் சிறு தன்னார்வக் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். படிவம் நிரப்புவது, வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வது, தேவைப்பட்டால் அலுவலகத்துக்குக் கூடப் போவது, இவ்வளவுதான் எங்கள் வேலை. நாங்கள் யாரும் வக்கீல் இல்லை. 2025-ல் எங்களிடம் வந்த ஒரு மாணவரின் கதையை அவருடைய சம்மதத்தோடு இங்கே பதிவு செய்கிறேன். ஊர், பல்கலைக்கழகம், நிறுவனம் எதற்கும் பெயர் தரவில்லை. தேதிகளும் தொகைகளும் நடந்தபடியே இருக்கின்றன.

பின்னணி

மாணவர் தமிழ்நாட்டின் டெல்டா மாவட்டம் ஒன்றைச் சேர்ந்தவர். இயந்திரவியலில் பி.இ. முடித்து, மேற்கு ஜெர்மனியில் ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில வழி முதுநிலைப் படிப்பில் சேர்ந்தார். மொத்தம் 120 கிரெடிட், நான்கு செமஸ்டர். வகுப்பு 2021 அக்டோபரில் தொடங்கியது. கொரோனா காலம், விசா நேர்காணலுக்குத் தேதி கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. அவர் ஜெர்மனி வந்து இறங்கியபோது டிசம்பர் இரண்டாவது வாரம். பாதி செமஸ்டர் போயே போய்விட்டது. ஆய்வகப் பாடங்களில் இடம் நிரம்பியிருந்ததால் அவற்றை அடுத்த ஆண்டுக்குத் தள்ளினார்கள். இந்தத் தாமதம்தான் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அவருக்குத் துணைக்கு வந்தது. அது எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஊரிலிருந்து கிளம்பும்போது ஒட்டித்தந்த விசா சில மாதங்களுக்கு மட்டுமே. இங்கே வந்து ஊர்ப் பதிவு செய்த பிறகு, உள்ளூர் அயல்நாட்டவர் அலுவலகம் அதை வதிவிட அனுமதியாக மாற்றி அட்டை தரும். நம் பிள்ளைகள் அதையும் ‘விசா’ என்றே சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். வதிவிடச் சட்டத்தின் 16பி பிரிவு படிப்புக்கானது. அதன்படி ஒரு முறைக்குக் குறைந்தது ஓர் ஆண்டு, பொதுவாக இரண்டு ஆண்டுக்கு மிகாமல் அனுமதி தருவார்கள். இவருக்கு முதலில் 2024 மார்ச் 31 வரை தந்தார்கள். அப்போது ஐந்தாவது செமஸ்டர் ஓடிக்கொண்டிருந்தது. கேள்வி எதுவும் கேட்காமல் இன்னொரு ஆண்டு, 2025 மார்ச் 31 வரை நீட்டித்தார்கள். முதல் நீட்டிப்பு அவ்வளவு சுலபமாக முடிந்ததால், இரண்டாவதும் அப்படித்தான் இருக்கும் என்று அவர் நினைத்ததில் வியப்பில்லை.

2025 ஜனவரியில் இருந்த நிலைமை

எங்களிடம் வந்தபோது அவர் ஏழாவது செமஸ்டரில் இருந்தார். கையில் 78 கிரெடிட். மீதி 42: ஆறு கிரெடிட்டுக்கு ஒரு கட்டாயப் பாடம், ஆறு கிரெடிட்டுக்கு ஒரு கருத்தரங்கு, முப்பது கிரெடிட்டுக்கு ஆய்வேடு.

சிக்கல் அந்தக் கட்டாயப் பாடத்தில்தான். இரண்டு முறை எழுதித் தவறியிருந்தார். மூன்றாவது முயற்சி பிப்ரவரி கடைசியில். அந்தப் பல்கலைக்கழகத்தின் விதிப்படி மூன்றுதான் உச்சம். மூன்றாவதும் போனால் ‘இறுதியாகத் தேர்ச்சியில்லை’ என்று பதிவாகிப் பெயரை நீக்கிவிடுவார்கள். அதே படிப்பை ஜெர்மனியில் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாது. நம் ஊர் அரியர் போல எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்ற நினைப்போடு வருபவர்களுக்கு இது புரியவே ஓர் ஆண்டு ஆகிறது.

பணம்: முதல் ஆண்டுக்கு 10,332 யூரோ பிளாக்ட் அக்கவுண்டில், அதாவது மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று பூட்டிய கணக்கில், போட்டுக்கொண்டு வந்தார். அது எப்போதோ தீர்ந்துவிட்டது. கல்விக் கடனை வங்கி இரண்டு ஆண்டுப் படிப்புக்கென்று கணக்கிட்டுக் கொடுத்திருந்ததால் அங்கிருந்தும் இனி ஒன்றும் வராது. 2023 கடைசியிலிருந்து ஒரு நிறுவனத்தில் மாணவப் பணியாளராக வாரம் 20 மணி நேர வேலை, மணிக்கு 14.50 யூரோ. பிடித்தம் போகக் கையில் 1,100 யூரோவுக்குச் சற்று மேலே வரும். வேலை ஒப்பந்தம் முடியும் தேதி 2025 மார்ச் 31. விசா முடியும் அதே நாள்.

முதல் முடிவு: எப்போது விண்ணப்பிப்பது

மாணவரின் யோசனை வேறாக இருந்தது. “ரிசல்ட் மார்ச் நடுவுல வந்துடும் அண்ணா. பாஸ் ஆனதும் அந்த மார்க்‌ஷீட்டோட போட்டா ஸ்ட்ராங்கா இருக்கும்ல?” என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இப்போதைய மதிப்பெண் பட்டியலில் இரண்டு தோல்விகள் பளிச்சென்று தெரியும். அதைக் கொண்டுபோய் நாமே ஏன் நீட்ட வேண்டும் என்பது அவர் கவலை.

நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. காரணம் சட்டத்தின் 81-ஆம் பிரிவின் நான்காவது உட்பிரிவு. இருக்கும் அனுமதி காலாவதியாகும் முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டால், அலுவலகம் முடிவு சொல்லும்வரை பழைய அனுமதி தொடர்வதாகவே சட்டம் கருதும். தங்கும் உரிமை மட்டுமல்ல, வேலை செய்யும் உரிமையும் அப்படியே தொடரும். தேதி தாண்டி விண்ணப்பித்தால் இந்தப் பாதுகாப்பு தானாகக் கிடைக்காது. கடும் பாதிப்பைத் தவிர்க்க அலுவலகம் விருப்பப்பட்டுத் தரலாம், அவ்வளவுதான். ரிசல்ட் மார்ச் 14-ல் வருமா 28-ல் வருமா என்பது யார் கையிலும் இல்லை. இணையத் தளம் அந்த வாரம் பழுதாகலாம், மாணவருக்குக் காய்ச்சல் வரலாம். மதிப்பெண் பட்டியலைப் பிறகுகூட அனுப்பிக்கொள்ளலாம். விண்ணப்பத் தேதியைப் பிறகு மாற்ற முடியாது.

இன்னொன்றும் சொன்னோம். மூன்றாவது முயற்சியில் தவறினால், முன்னதாக விண்ணப்பித்ததும் விண்ணப்பிக்காததும் ஒன்றுதான், நீட்டிப்பு கிடைக்காது. தேர்ச்சி பெற்றால், முன்னதாக விண்ணப்பித்ததுதான் காப்பாற்றும். எப்படிப் பார்த்தாலும் காத்திருப்பதில் லாபம் இல்லை. இதைக் கேட்ட பிறகு அவர் மறுக்கவில்லை.

பிப்ரவரி 4-ஆம் தேதி நகராட்சியின் இணையச் சேவைத் தளத்தில் விண்ணப்பம் போனது. பாஸ்போர்ட், அட்டையின் இரு பக்கம், சேர்க்கைச் சான்று, மதிப்பெண் பட்டியல், காப்பீட்டுச் சான்று, வீட்டு வாடகை ஒப்பந்தம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை. கூடவே கோடைச் செமஸ்டருக்கான கட்டணத்தையும் அன்றே கட்டச் சொன்னோம். அடுத்த செமஸ்டருக்கு மறுபதிவு செய்யாதவருக்கு விசா நீட்டிப்பு கேட்பதில் அர்த்தமில்லை. சில நிமிடங்களில் தானியங்கி மின்னஞ்சல் வந்தது: விண்ணப்பம் பெறப்பட்டது, எண் இன்னது. அதை பி.டி.எஃப்-ஆகச் சேமித்து அச்சும் எடுத்து வைத்தார். விண்ணப்பத் தேதிக்கு அந்த நேரத்தில் கையில் இருந்த ஒரே ஆதாரம் அதுதான்.

சம்பளமும் ஒப்பந்தமும்

2024 செப்டம்பர் முதல், வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று மாணவர் விசாவுக்காகக் காட்ட வேண்டிய தொகை மாதம் 934 யூரோவிலிருந்து 992 யூரோவாக உயர்ந்திருந்தது. ஓர் ஆண்டுக்கு 11,904. அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ பத்தே முக்கால் லட்ச ரூபாய். அந்தத் தொகையைப் பூட்டிய கணக்கில் மொத்தமாகப் போடுவது ஒரு வழி. சம்பளத்தைக் காட்டுவது இன்னொரு வழி. பிளாக்ட் அக்கவுண்ட் மட்டும்தான் செல்லும் என்று மாணவர்களிடையே ஒரு நம்பிக்கை உலவுகிறது. நீட்டிப்பில் அப்படி இல்லை. நிலையான சம்பளம் 992-க்கு மேல் வந்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். வேலை நாள் வரம்பும் 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாளாகக் கூடியிருக்கிறது. வாரம் 20 மணி வரையிலான வேலை இரண்டரை நாளாகக் கணக்காகும் என்பதால், 52 வாரமும் போனாலும் 130 நாள்தான்.

ஆனால் ஒப்பந்தம் மார்ச் 31-ல் முடிகிறதே? நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் கேட்டபோது, புதிய விசா வந்தால்தான் ஒப்பந்தத்தை நீட்டிப்போம் என்றார்கள். ஏப்ரலுக்குப் பிறகு வருமானம் எங்கே என்று அலுவலகம் கேட்கும். இது எங்களிடம் வரும் மாணவர்களில் பாதிப் பேருக்காவது நேர்வது. விசா வந்தால் ஒப்பந்தம், ஒப்பந்தம் இருந்தால் விசா.

மாணவரின் தந்தை நிலத்தை அடகு வைத்தாவது பணம் அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தார். அதை நாங்கள் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளச் சொன்னோம். அதற்கு முன்னால் நிறுவனத்திடம் ஒப்பந்தத்தைக் கேட்க வேண்டாம், ஒரு கடிதம் கேளுங்கள் என்றோம். ‘வதிவிட அனுமதி தொடரும் பட்சத்தில், இவரை இதே நிபந்தனைகளில் 2026 மார்ச் 31 வரை பணியில் வைத்திருக்க நிறுவனம் விரும்புகிறது’ என்று இரண்டே வரி. மனிதவளப் பிரிவினருக்கு இதில் சட்டச் சிக்கல் ஏதும் இல்லை. நிபந்தனை அதிலேயே இருக்கிறது. அவருடைய குழுத் தலைவர் பரிந்துரைத்ததும் ஒரு வாரத்தில் கையெழுத்தாகி வந்தது. நிலம் தப்பியது.

அலுவலகத்தின் கடிதம்

பிப்ரவரி கடைசியில் தேர்வு எழுதினார். ரிசல்ட் வரும் முன்னே, மார்ச் முதல் வாரத்தில் தபாலில் ஒரு கடிதம் வந்தது. ஒன்றரைப் பக்கம். சாரம் இதுதான்: நான்கு செமஸ்டர் படிப்பில் ஏழாவது செமஸ்டர் முடிகிறது, 42 கிரெடிட் மீதியிருக்கிறது, படிப்பின் நோக்கம் நியாயமான காலத்தில் நிறைவேறுமா என்பதில் சந்தேகம் இருக்கிறது, மூன்று வாரத்துக்குள் பல்கலைக்கழகத்தின் கருத்தை அனுப்பவும்.

மாணவர் இதை நிராகரிப்பு என்றே எடுத்துக்கொண்டார். இரவு பதினொரு மணிக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, “ஊருக்குப் போகச் சொல்றாங்களா அண்ணா?” என்று கேட்டார். இல்லை. நிராகரிக்கும் முன் விளக்கம் கேட்பது அலுவலகத்தின் கடமை. கடிதத்தின் தலைப்பிலேயே அது இருந்தது. ஆனால் அலுவலக ஜெர்மன் மொழியில், ஆங்கிலத்தில் படிக்கும் மாணவர் ஒருவர் தலைப்பைத் தாண்டி முதலில் பார்ப்பது ‘சந்தேகம்’, ‘நாட்டைவிட்டு’ போன்ற சொற்களைத்தான். இப்படி வரும் கடிதங்களில் முதலில் பார்க்க வேண்டியது பதில் தருவதற்கான கடைசித் தேதி. அப்புறம் என்ன கேட்கிறார்கள் என்பது. பயமுறுத்தும் பத்தி கடைசியில் வரட்டும்.

வக்கீலைப் பார்க்கலாமா என்று யோசித்தோம். தனிநபருக்கான முதல் ஆலோசனைக்குச் சட்டப்படி உச்சக் கட்டணம் 190 யூரோவும் வரியும். அதற்கு முன் பல்கலைக்கழக மாணவர் பேரவையில் வாரம் ஒரு நாள் உட்காரும் சட்ட ஆலோசகரிடம் போனார், அது இலவசம். அவர் கடிதத்தைப் படித்துவிட்டு, வழக்குக்கு இதில் எதுவும் இல்லை, துறையிலிருந்து சரியான கடிதம் வாங்கி வா என்று அனுப்பிவிட்டார். நல்ல ஆலோசனை.

இரண்டு கடிதங்கள்

முதலில் மாணவர் தன் பேராசிரியரிடம் போனார். பேராசிரியர் நல்லவர். அன்றே எழுதித் தந்தார். ‘இவர் கடின உழைப்பாளி, என் குழுவில் மிகுந்த ஆர்வத்தோடு பணியாற்றுகிறார், இவருடைய நீட்டிப்பை நான் மனமார ஆதரிக்கிறேன்.’ பல்கலைக்கழக முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது. மாணவருக்கு உயிர் வந்தது.

அதை அனுப்ப வேண்டாம் என்றோம். நற்சான்றாக அது அருமையான கடிதம். ஆனால் அலுவலகம் கேட்ட கேள்வி எதற்கும் அதில் பதில் இல்லை. இந்த நிகழ்வில் மற்றவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வதிவிடச் சட்டம் நீட்டிப்புக்கு வைக்கும் நிபந்தனை, படிப்பு இன்னும் முடியவில்லை, ஆனால் நியாயமான காலத்தில் முடியும் என்பது. அதை எடைபோட அலுவலகங்களுக்கென்று பொது நிர்வாக வழிகாட்டி ஒன்று இருக்கிறது. அதன்படி, ஒரு படிப்பின் சராசரிக் காலத்தை மூன்று செமஸ்டருக்கு மேல் தாண்டாதவரை படிப்பு ஒழுங்காகப் போகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். சராசரிக் காலம் என்பது பாடத்திட்டத்தில் எழுதியிருக்கும் காலம் அல்ல. அந்தப் பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்பை முடித்தவர்கள் உண்மையில் எத்தனை செமஸ்டர் எடுத்துக்கொண்டார்கள் என்ற கணக்கு. வரம்பு தாண்டினாலும் கதவு மூடிவிடாது. அப்போது பல்கலைக்கழகம் மாணவரின் தனிப்பட்ட சூழ்நிலையைக் கணக்கில் எடுத்து மூன்றைச் சொல்ல வேண்டும்: படிப்பு ஒழுங்காகப் போகிறதா, இன்னும் எவ்வளவு காலம் ஆகும், முடிப்பார் என்று எதிர்பார்க்கலாமா.

அலுவலகத்தின் கடிதம் நான்கு செமஸ்டரிலிருந்து எண்ணியிருந்தது. நான்கும் மூன்றும் ஏழு. அதனால்தான் ஏழாவது முடியும் இடத்தில் சந்தேகம். அந்தப் படிப்பில் உண்மைச் சராசரி என்ன என்று துறையில் கேட்டால் சொல்வார்கள். கேட்க வேண்டிய ஆள் பேராசிரியர் அல்ல, துறையின் படிப்பு ஆலோசகர். அவர்தான் பதிவேடுகளைப் பார்த்து எழுதக்கூடியவர்.

ஆலோசகரிடம் நேரம் கிடைத்தது மார்ச் 17-ல். அதற்குள் மார்ச் 14 மாலை ரிசல்ட் வந்துவிட்டது: 3.7. இங்கே 1.0 தான் முதல் தரம்; எண் கூடக் கூடத் தரம் குறையும், 4.0-ஐத் தாண்டினால் தோல்வி. கரை சேர்ந்தார் என்று சொல்லலாம். மாணவர் அதைச் சொல்லும்போது மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார். 3.7-க்கும் 1.3-க்கும் விசா அலுவலகத்தில் ஒரே மதிப்புத்தான். ஆறு கிரெடிட் சேர்ந்தது, பெயர் நீக்கும் அபாயம் போனது.

ஆலோசகரைச் சந்திக்கப் போகும்போது ஒரு பக்கத் தாள் ஒன்றைக் கொண்டுபோகச் சொன்னோம். அதில் அலுவலகக் கடிதத்தின் கேள்வி, மேலே சொன்ன மூன்று புள்ளிகள், மீதிக் கிரெடிட்டுக்கான மாத வாரியான திட்டம். ஏப்ரலில் ஆய்வேட்டைப் பதிவு செய்வது, ஆறு மாத அவகாசம், அக்டோபரில் சமர்ப்பிப்பது, கோடையில் கருத்தரங்கு. பேராசிரியர் தலைப்புக்கு ஒப்புக்கொண்ட மின்னஞ்சலும் இணைப்பில். அவருடைய பாராட்டுக் கடிதம் வீணாகவில்லை, இதற்கு ஆதாரமாகச் சேர்ந்தது. கடைசியாகப் பாஸ்போர்ட்டில் ஒரு பக்கத்தின் நகல்: 2021 டிசம்பர் தேதியிட்ட வருகை முத்திரை. அக்டோபரில் தொடங்கிய படிப்புக்கு டிசம்பரில் வந்தவர் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. மூன்று ஆண்டாகப் பாஸ்போர்ட்டிலேயே இருந்தது. முதல் செமஸ்டர் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆலோசகர் எழுதிய கடிதம் முக்கால் பக்கம். அந்தப் படிப்பில் சராசரிக் காலம் ஏறத்தாழ ஆறு செமஸ்டர். ஆகவே ஒன்பதாவது செமஸ்டர் வரை வழக்கமான எல்லைக்குள்தான் வருகிறது. முதல் செமஸ்டரில் வருகை தாமதமானதற்கு மாணவர் பொறுப்பல்ல. அதனால் ஆய்வகப் பாடங்கள் ஓர் ஆண்டு தள்ளிப்போயின. கட்டாயப் பாடங்கள் அனைத்தும் முடிந்துவிட்டன. 36 கிரெடிட் மீதி. 2025-26 குளிர்காலச் செமஸ்டருக்குள் முடிப்பார் என்று துறை எதிர்பார்க்கிறது. பாராட்டு ஒரு வரிகூட இல்லை. ஜெர்மன் மொழியில் இருந்ததால் மொழிபெயர்ப்பும் தேவைப்படவில்லை.

மார்ச் 19-ல் இந்தக் கடிதம், புதிய மதிப்பெண் பட்டியல், கோடைச் செமஸ்டர் சேர்க்கைச் சான்று, நிறுவனத்தின் இரண்டு வரிக் கடிதம் நான்கும் அதே விண்ணப்ப எண்ணில் போய்ச் சேர்ந்தன.

ஃபிக்‌ஷன் தாள்

மார்ச் கடைசி வாரம் ஆகியும் முடிவு வரவில்லை. சட்டப்படி அவர் பாதுகாப்பாக இருந்தார். ஆனால் அதை நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு எப்படி நிரூபிப்பது? தானியங்கி மின்னஞ்சலை அவர்கள் ஏற்கவில்லை. அதற்காகத்தான் ‘ஃபிக்‌ஷன்ஸ்பெஷைனிகுங்’ என்ற தாள். மாணவர்கள் ‘ஃபிக்‌ஷன்’ என்று சுருக்கிச் சொல்வார்கள். பழைய அனுமதி தொடர்கிறது என்பதற்கான சான்று. உரிமை விண்ணப்பத்திலேயே வந்துவிடுகிறது. தாள் அதைக் காட்டுகிறது, அவ்வளவே. கட்டணம் 13 யூரோ.

எழுதிக் கேட்டால்தான் கிடைக்கும் போலிருந்தது. வேலை ஒப்பந்தம் மார்ச் 31-ல் முடிகிறது என்று காரணத்தோடு மின்னஞ்சல் போட்டதும் 27-ஆம் தேதி வரச் சொன்னார்கள். போவதற்கு முன் நாங்கள் சொன்னது ஒன்றுதான்: வாங்கியதும் கவுன்டரை விட்டு நகராமல், உள்ளே எந்தக் கட்டத்தில் குறியிட்டிருக்கிறது என்று பாருங்கள். உள்ளே மூன்று கட்டங்கள் இருக்கும். 81-ஆம் பிரிவின் நான்காவது உட்பிரிவு என்று சொல்லும் மூன்றாவது கட்டம்தான் இவருக்குரியது. மூன்றாவது உட்பிரிவுக்கான கட்டத்தில் குறியிருந்தால் நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்ப முடியாது. இவருக்குச் சரியான கட்டத்தில்தான் குறி இருந்தது. செல்லுபடி ஆறு மாதம். நிறுவனம் அதே தேதி வரை ஒப்பந்தத்தை நீட்டித்தது.

கல்யாணப் பயணம்

மே மாதம், வைகாசி முகூர்த்தத்தில், அக்காவுக்குக் கல்யாணம். விசா முடிவு இன்னும் வரவில்லை. போகலாமா?

இங்கே எங்கள் குழுவிலேயே இரண்டு கருத்து. மூன்றாவது கட்டமும் காலாவதியான அட்டையும் சேர்ந்தால் ஜெர்மனிக்குத் திரும்பி நுழைய உரிமை உண்டு, இதில் ஐயமில்லை. ஒரு பக்கம், அந்த உரிமை அலுவலகம் முடிவு சொல்லும்வரைதான். அவர் ஊரில் இருக்கும்போது நிராகரிப்பு வந்தால் திரும்பும் வழி அடைபடும். மறு பக்கம், தேர்வு முடிந்துவிட்டது, கடிதம் வலுவாக இருக்கிறது, அதற்குப் பிறகு அலுவலகம் எதுவும் கேட்கவில்லை. தேர்வு முடிவு தெரியாத நிலையாக இருந்திருந்தால் நான் போக வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது போகலாம் என்றேன். முடிவு அவருடையது. பத்து நாள் பயணமாக வைத்துக்கொண்டார்.

ஏற்பாடுகள் இவை. இடையில் வேறு ஐரோப்பிய நாட்டில் இறங்காமல், ஜெர்மனிக்கு நேரடி விமானம்; விலை கூடுதல்தான். வீட்டுத் தபால் பெட்டியின் சாவி அறைத்தோழரிடம். அலுவலகக் கடிதம் எது வந்தாலும் அன்றே பிரித்துப் படம் அனுப்ப வேண்டும். பாஸ்போர்ட், பழைய அட்டை, ஃபிக்‌ஷன் மூல ஆவணம், சேர்க்கைச் சான்று எல்லாம் கைப்பையில்.

திரும்பும்போது சென்னை விமான நிலையத்தில் நின்றுபோனார். கவுன்டரில் இருந்த பெண் அட்டையைப் பார்த்தார், தேதி முடிந்திருக்கிறது. பச்சைச் சாயலில் மடித்த அந்தத் தாளைப் பிரித்தார், திருப்பினார், ஆங்கிலத்தில் ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். “சார், இது விசா இல்லையே?” தகுந்த ஆவணம் இல்லாதவரை ஏற்றிவந்தால் விமான நிறுவனத்துக்குத்தான் அபராதம்; அவர் தயங்கியதில் தவறு இல்லை. மாணவர் மூன்றாவது கட்டத்தைக் காட்டி, மேலதிகாரியிடம் கேட்கச் சொன்னார். மேலதிகாரி தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய் யாருக்கோ போன் செய்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவர் நான்கு மணி நேரம் முன்னதாகவே போயிருந்ததால் விமானம் தவறவில்லை. ஜெர்மனியில் இறங்கியபோது எல்லை அதிகாரி தாளைப் பார்த்து, ஒரு கேள்வியும் கேட்காமல் முத்திரை குத்தினார்.

முடிவு

ஜூலையில் நேரில் வரச் சொல்லி அழைப்பு வந்தது. கைரேகை, 93 யூரோ கட்டணம். 2026 மார்ச் 31 வரை நீட்டிப்பு. ஆகஸ்டில் அட்டை கைக்கு வந்தது. கூடவே எழுத்தில் ஓர் அறிவிப்பு: இதற்கு மேல் படிப்புக்காக நீட்டிப்பு கேட்டால் பல்கலைக்கழகத்தின் புதிய மதிப்பீடு வேண்டும். அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை, வழிகாட்டியில் சொல்லியிருப்பதுதான்.

அது தேவைப்படவில்லை. ஆய்வேட்டை அக்டோபரில் கொடுத்தார். டிசம்பரில் மதிப்பெண் வந்து 120 கிரெடிட் நிறைந்தது. ஜனவரியில், பட்டம் பெற்றவர்கள் வேலை தேடுவதற்கான 18 மாத அனுமதிக்கு விண்ணப்பித்தார். இந்த முறை யாரும் நினைவூட்டத் தேவை இருக்கவில்லை.

எதை மாற்றியிருக்கலாம்

இரண்டாவது முறை தவறிய 2024 செப்டம்பரிலேயே ஆலோசகரைப் பார்த்திருக்க வேண்டும். அப்போதே போயிருந்தால் கடிதம் பிப்ரவரி விண்ணப்பத்தோடு சேர்ந்தே போயிருக்கும். சந்தேகக் கடிதம் வந்திருக்காது என்று சொல்ல முடியாது, ஆனால் வந்தாலும் பதில் தயாராக இருந்திருக்கும். மார்ச் மாதத்தில் துறை ஆலோசகர்களிடம் நேரம் கிடைப்பதே அபூர்வம். எல்லா மாணவருக்கும் அதே மாதத்தில்தான் முடை வருகிறது. இப்போது எங்களிடம் வருபவர்களை, நான்காவது செமஸ்டருக்கு மேல் போனவர் என்றால், நவம்பரிலேயே அனுப்பிவிடுகிறோம்.

ஆய்வேட்டைப் பதிவு செய்யாமல் ஆய்வகத்தில் மாதக் கணக்கில் வேலை செய்வது இன்னொரு பழக்கம். இவரும் 2024 இலையுதிர் காலத்திலிருந்தே பேராசிரியரின் குழுவில் ஆய்வுக்கான வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தார். பதிவு செய்தால் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும் என்ற பயம். ஆனால் அலுவலகத்தின் கண்ணுக்குப் பதிவாகாத ஆய்வேடு இல்லாத ஆய்வேடுதான். பதிவுச் சான்றில் தொடக்கத் தேதியும் கடைசித் தேதியும் அச்சில் இருக்கும். ‘எப்போது முடிப்பாய்’ என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான பதில் கிடையாது. கட்டாயப் பாடம் முடியாமல் பதிவு செய்யவே முடியாது என்று சில துறைகளில் விதி உண்டு. இவருடைய துறையில் அது இல்லை என்பது மார்ச்சில்தான் தெரிந்தது.

வேலை ஒப்பந்தத்தை விசா தேதியோடு முடிக்கும் வழக்கத்தை மாணவர் மாற்ற முடியாது. இரண்டு வரிக் கடிதத்தை ஜனவரியிலேயே கேட்டு வைக்கலாம்.

பயணத்தைப் பற்றி எங்கள் குழுவில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. நடந்தது நல்லபடியாக முடிந்தது என்பதற்காக எல்லாரையும் போகச் சொல்ல முடியாது. தேர்வு நிலுவையில் இருப்பவர், அலுவலகத்தின் கேள்விக்குப் பதில் தராதவர், இந்த இருவருக்கும் ஃபிக்‌ஷன் தாளோடு வெளிநாடு போக வேண்டாம் என்றே சொல்கிறோம். மற்றவர்களுக்கு, அந்தத் தாளின் பொருளை விளக்கும் ஆங்கிலப் பக்கம் ஒன்றை அச்செடுத்துக் கொடுத்தனுப்புகிறோம், கவுன்டரில் இருப்பவர் வாசிப்பதற்காக.